தெளிவும் வர்க்கமும்: 'கிளாரிற்றி' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எழுத்தில் தெளிவு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரும், நூலுக்கு மதிப்புரை வரையும் விமர்சகரும், அரசாங்கச் சுற்றறிக்கை விளங்கவில்லையென முறையிடும் பொதுமகனும் ஒரே குரலில் அதனைக் கோருவர். எதிரெதிரான நலன்களைக் கொண்ட வர்க்கங்கள் யாவும் ஒரு சொல்லைப் போற்றுமாயின், அவை அதனை ஒரே பொருளிலேதான் போற்றுகின்றனவா என்ற வினா ஆய்வாளனுக்கு எழுதல் வேண்டும். தெளிவு யாருக்கு? அதற்கான உழைப்பு எழுதுபவனுடையதா, வாசிப்பவனுடையதா? தெளிவாகத் தோன்றுவது உண்மையாகவும் இருக்குமா?

நவீன தமிழ் விமர்சனத்தில் நாம் 'தெளிவு' என்று கூறும்போது, பழந்தமிழ் மரபில் அச்சொல் பெற்றிருந்த பொருளோடு, ஆங்கிலக் கல்வியின் வழியே நம்மை வந்தடைந்த 'கிளாரிற்றி' என்னும் சொல்லின் பொருளும் கலந்து நிற்கின்றது. அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும், அது அடைந்த பொருள் மாற்றங்களையும், அம்மாற்றங்களுக்கு அடித்தளமாயமைந்த சமூக உறவுகளையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வொலோஷினோவ் 1929இல் வெளியிட்ட 'மார்க்சியமும் மொழித் தத்துவமும்' என்னும் நூலில், மொழிக்குறியானது வர்க்கப் போராட்டத்தின் களமாக அமைகின்றது என வாதிட்டார். வெவ்வேறு வர்க்கங்கள் ஒரே மொழியைப் பயன்படுத்துவதால் ஒரே சொல்லில் வெவ்வேறு அழுத்தங்கள் வந்து மோதுகின்றன என்பது அவர் கருத்து. றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட 'திறவுச் சொற்கள்' ஆங்கிலச் சொற்கள் பலவற்றின் சமூக வரலாற்றை ஆராய்ந்தது. அவ்வழியிலேயே இங்கு ஒரு சொல்லும் அதன் இனச்சொற்களும் நோக்கப்படுகின்றன.

1. ஒலியும் பதவியும்

'கிளாரிற்றி' என்பதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கிளாறுஸ்' என்னும் பெயரடையாகும். இன்று இச்சொற்குடும்பம் ஒளியோடும் பார்வையோடும் தொடர்புபடுத்தப்படினும், அதன் தொடக்கம் ஒலியிலேயே உள்ளது. அழைத்தல், கூவியறிவித்தல் எனப் பொருள்படும் 'கலாரே' என்னும் வினையும், உரத்துக் கூவுதலைக் குறிக்கும் 'கிளாமாரே' என்னும் வினையும் இதற்கு உறவானவை. உரத்துத் தெளிவாகக் கேட்பது என்பதே 'கிளாறுஸ்' என்பதன் பழம்பொருள். கிளாரியன் என்னும் ஊதுகருவியின் பெயரும், கிளாரினெற் என்னும் இசைக்கருவியின் பெயரும் அப்பழம்பொருளின் எச்சங்களாக இன்றுமுள்ளன.

யார் கூவினர், எதற்காகக் கூவினர் என்பது கவனிக்கத்தக்கது. உரோமில் மாதத்தின் முதல் நாளைக் குருமார் கூவியறிவித்தனர். அந்நாள் 'கலெண்டே' எனப்பட்டது. கடனும் வட்டியும் செலுத்தவேண்டிய நாளும் அதுவே. வட்டிக்குக் கொடுப்போனின் கணக்கேடு 'கலெண்டாறியும்' எனப் பெயர் பெற்றது. இன்றைய 'கலண்டர்' அதன் வழிவந்தது. சொத்தின் அளவுப்படி குடிகளைப் படைக்கும் வரிக்குமாக வகுத்த பிரிவு 'கிளாசிஸ்' எனப்பட்டது. இதுவும் 'அழைப்பு' என்னும் அதே வேரிலிருந்து வந்திருக்கலாம் எனச் சொற்பிறப்பாய்வாளர் பலர் கருதுவர். 'வர்க்கம்' என நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லின் தாய் இதுவே. அக்கருத்துப் பொருந்துமாயின், தெளிவும் வர்க்கமும் ஒரே குரலிற் பிறந்த சொற்களாகும்.

ஒலியிலிருந்து ஒளிக்கும், ஒளியிலிருந்து புகழுக்கும் 'கிளாறுஸ்' பெயர்ந்தது. பலர் வாயிலும் பெயர் ஒலிக்கப்பெறுபவன் பிரகாசமானவன் ஆயினான். பேரரசுக் காலத்திலே 'கிளாறிசிமுஸ்' - மிகப் பிரகாசமானவர் - என்பது செனற் சபையினருக்குரிய பட்டமாயிற்று. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் அவ்வுயர்குழாத்தினுள்ளேயே மூன்று படிகள் ஏற்பட்டன. மேற்படியினர் 'இல்லுஸ்திறிஸ்', அதாவது ஒளி பெற்றவர். இடைப்படியினர் 'ஸ்பெக்தாபிலிஸ்', அதாவது கண்டு வியக்கத்தக்கவர். மூன்றாம் படியினர் 'கிளாறிசிமுஸ்'. பிரபுவைக் குறிக்கும் 'நோபிலிஸ்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் அறியப்பட்டவன் என்பதாகும். இதற்கு மாறாக, தாழ்ந்த குடியிற் பிறந்தோரைக் குறிக்க இருண்டது எனப் பொருள்படும் 'ஒப்ஸ்கூறுஸ்' என்னும் அடை வழங்கிற்று. ஆங்கிலத்தில் அதன் வழிவந்த சொல் இன்றும் விளங்காத எழுத்தையும் பெயர் தெரியாத மனிதனையும் ஒருங்கே சுட்டுகின்றது. அடிமைகளின் உழைப்பில் நிலைபெற்ற அச்சமுதாயத்தில், ஒளி என்பது சிலருடைய உடைமையாக இருந்தது.

எனினும், நாவன்மைக் கல்வியிலே தெளிவு பற்றிய வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்ரோட்டில் தமது நாவன்மை நூலின் மூன்றாம் பகுதியில் நடையின் சிறப்பு அதன் தெளிவிலேயே தங்கியுள்ளது எனக் கூறியிருந்தார். கி.பி. 1ஆம் நூற்றாண்டினரான குயின்ரிலியன் இதற்கு வழங்கிய சொல் 'பேர்ஸ்பிகுயிற்றாஸ்' என்பதாகும். 'ஊடே' எனப் பொருள்படும் முன்னொட்டும் 'பார்த்தல்' எனப் பொருள்படும் வினையும் சேர்ந்தமைந்த இச்சொல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய தன்மையைக் குறிக்கும். இதிலிருந்து பிறந்த 'பேர்ஸ்பிக்கியூயிற்றி' என்னும் சொல்லே பிற்காலத்தில் ஆங்கில நடையியலாளரின் கலைச்சொல்லாயிற்று. 'ஸ்பெக்தாபிலிஸ்' என்னும் பட்டமும் இச்சொல்லும் ஒரே வினையடியிற் பிறந்தவை. ஒன்று பிறரால் வியந்து பார்க்கப்படும் நிலை. மற்றது பிறர் தன்னூடாகப் பொருளைப் பார்க்க இடந்தரும் நிலை. பார்க்கப்படுவதற்கும் ஊடே பார்ப்பதற்கும் இடையிலான இவ்வேறுபாடு இச்சொல்லின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றது. குயின்ரிலியனின் சொற்பொழிவாளன் விளங்கச் செய்யவேண்டியிருந்தது முதன்மையாக நீதிபதிக்கு என்பதையும் மறத்தலாகாது.

2. ஆள்வோர் மொழியும் ஆளப்படுவோர் மொழியும்

1066இல் இங்கிலாந்து நோமானியர் ஆட்சிக்குட்பட்டபின் நிலவுடைமை வர்க்கத்தின் மொழி பிரெஞ்சாகவும், திருச்சபையின் மொழி இலத்தீனாகவும், உழுவோரின் மொழி ஆங்கிலமாகவும் அமைந்தன. பழைய ஆங்கிலத்தில் வெளிப்படையானது என்பதைக் குறிக்க 'ஸ்வூற்றொல்' என்றும், கலங்காதது என்பதைக் குறிக்க 'ஹ்லூற்றொர்' என்றும் சொற்கள் இருந்தன. அவை வழக்கிறந்தன. அவற்றினிடத்தை 'கிளியர்', 'பிளேயின்' முதலிய பிரெஞ்சுவழிச் சொற்களும், பின்னர் 'லூசிட்', 'எவிடென்ற்' முதலிய இலத்தீன்வழிச் சொற்களும் நிரப்பின. தெளிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுட் பெரும்பாலானவை அம்மக்களுக்கு மேலிருந்து வந்தவை என்பது சிந்தனைக்குரியது.

இந்நிலைமையின் முரண்பாட்டை 1362ஆம் ஆண்டுச் சட்டமொன்று நன்கு புலப்படுத்தும். பிரெஞ்சு மொழி மக்களுக்குப் பெரிதும் தெரியாததால் நீதிமன்றங்களில் வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெறவேண்டும் என அது விதித்தது. அச்சட்டம் எழுதப்பட்டதோ பிரெஞ்சு மொழியிலாகும்! நீதிமன்ற நடவடிக்கைகளிலிருந்து இலத்தீனும் சட்டப் பிரெஞ்சும் முற்றாக நீக்கப்பட்டது 1733ஆம் ஆண்டிலேயே. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுக் காலம், தன்மீது வழங்கப்படும் தீர்ப்பின் மொழி சாதாரண ஆங்கிலேயனுக்கு முற்றிலும் உரியதாக இருக்கவில்லை.

'கிளார்த்தே' என்னும் பிரெஞ்சு வடிவின் வழி ஆங்கிலத்துட் புகுந்த சொல் இடைக்காலத்தில் அறிவுத் தெளிவைக் குறிக்கவில்லை; பேரொளியையும் தெய்வ மகிமையையுமே குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விக்கிளிவ் வழியினர் மொழிபெயர்த்த விவிலியத்தில், மகிமைப்படுத்துதல் என்ற பொருளிலேயே 'கிளாரிபை' என்னும் வினை வருகின்றது. 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட அகராதியும் 'கிளாரிற்றி' என்பதற்குப் பிரகாசம், பொலிவு என்றே பொருள் தருகின்றது. சிந்தனையிலும் எழுத்திலும் உள்ள தெளிவு என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டு முதல் தலைகாட்டினும், அது பெருவழக்கானது பிற்காலத்திலேயாகும். நிலமானிய சமுதாயத்தின் கருத்துநிலை இச்சொல்லில் நெடுங்காலம் உறைந்து கிடந்தது எனலாம்.

3. மறைநூலும் உழவனும்

தெளிவு என்பது வெளிப்படையான அரசியற் பிரச்சினையாக உருப்பெற்றது 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்த இயக்கத்திலாகும். 1524இல் இராஸ்மஸ், மறைநூலில் இருண்ட பகுதிகள் உள்ளன என்றும், சில விடயங்கள் உண்மையாயினும் பொதுமக்கள் முன்னிலையில் விவாதித்தற்குரியனவல்ல என்றும் எழுதினார். 1525இல் லூதர் அதற்கு விடையளித்தார். மறைநூல் தெளிவானது, இருள் மனிதரின் உள்ளத்திலேயே உள்ளது என்பது அவர் வாதம். மறைநூலின் தெளிவு என்னும் இக்கோட்பாடு வெறும் நடையியற் கோட்பாடன்று. நூல் தானே தெளிவாயின் அதனை விளக்கும் ஏகபோக உரிமை குருமாருக்கு இல்லை. விளக்க உரிமையை இழக்கும் திருச்சபை, அவ்வுரிமையின்மீது எழுப்பப்பட்ட அதிகாரத்தையும் இழக்கவேண்டி வரும்.

அதே 1525ஆம் ஆண்டில் ஜேர்மன் விவசாயிகள் லூதரின் கோட்பாட்டை அதன் தருக்கரீதியான முடிவுக்குக் கொண்டுசென்றனர். மார்ச் மாதத்தில் அவர்கள் வெளியிட்ட பன்னிரு கோரிக்கைகள், கிறித்து எல்லா மனிதரையும் மீட்டமையால் பண்ணையடிமை முறை மறைநூலுக்கு மாறானது என்று கூறின. மறைநூல் அவர்களுக்குத் தெளிவாகவே இருந்தது. ஆனால் லூதர் பிரபுக்களின் பக்கம் நின்று, கிளர்ந்தெழுந்த விவசாயிகளைக் கொன்றொழிக்குமாறு எழுதினார். 1850இல் ஏங்கெல்ஸ் எழுதிய 'ஜேர்மனியில் விவசாயிகள் போர்' இவ்வர்க்கப் பிளவினை விரிவாக ஆராய்கின்றது. நமக்கு இங்கு முக்கியமானது ஒன்றே: குருவுக்கு எதிராகப் பிரகடனம் செய்யப்பட்ட தெளிவு, பிரபுவுக்கு எதிராகத் திரும்பியவுடன் கலகம் எனப்பட்டது.

இங்கிலாந்தில் வில்லியம் ரின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சேற்றினார். ஏரோட்டும் சிறுவனும் மறைநூலை அறியவேண்டும் என்பது அவருடைய குறிக்கோள் எனக் கூறப்படுகின்றது. 1536இல் அவர் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளுள் அரசே ஆங்கில விவிலியத்தை ஏற்றுக்கொண்டதாயினும், 1543இல் எட்டாம் ஹென்றியின் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று அதனை வாசிக்கக்கூடாதோரைப் பட்டியலிட்டது. கைவினைஞர், தொழில் பயில்வோர், கூலிக்கு உழைக்கும் தொழிலாளர், பணியாட்கள், உழவர், கீழ்நிலைப் பெண்கள் ஆகியோர் அப்பட்டியலில் அடங்குவர். உயர்குடிப் பெண்கள் தனிமையில் வாசிக்கலாம் என்ற சலுகையும் அதில் உண்டு. எழுத்தறிவின் எல்லை வர்க்கத்தின் எல்லையோடு இவ்வளவு வெளிப்படையாகப் பொருந்தவைக்கப்பட்ட ஆவணங்கள் அரியவை. 1547இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. நூல் விளங்காது என்ற அச்சம் இச்சட்டத்தைத் தோற்றுவிக்கவில்லை. விளங்கிவிடும் என்ற அச்சமே தோற்றுவித்தது.

4. பூர்ஷ்வா உரைநடையின் சாளரம்

17ஆம் நூற்றாண்டில் தெளிவு புதியதொரு வர்க்கத்தின் கொடியாயிற்று. 1637இல் டேக்கார்ட், மனத்துக்குத் தெளிவாகவும் பிரித்தறியக்கூடியதாகவும் தோன்றுவதை உண்மையின் அளவுகோலாகக் கொண்டார். மரபும் குருவும் மன்னனும் தந்த அதிகாரத்தின் இடத்தில் தனிமனிதனின் அறிவுக்காட்சி வைக்கப்பட்டது. 1660இல் இலண்டனில் நிறுவப்பட்ட றோயல் சங்கத்தின் வரலாற்றை 1667இல் எழுதிய தொமஸ் ஸ்பிறாற், அச்சங்கத்தார் அலங்கார நடையை ஒதுக்கி, பண்டிதர் மொழியினும் கைவினைஞர், நாட்டுப்புறத்தார், வணிகர் ஆகியோரின் மொழியையே விரும்பினர் என்று குறிப்பிடுகின்றார். உற்பத்தியோடும் வாணிகத்தோடும் தொடர்புடைய மொழி அறிவின் மொழியாக ஏற்கப்பட்டமை முற்போக்கான நிகழ்ச்சியே. ஆயினும் அச்சங்கத்தின் உறுப்பினருட் பெரும்பாலோர் கனவான்கள். கைவினைஞனின் மொழி உள்ளே அனுமதிக்கப்பட்டது, கைவினைஞன் பொதுவாக வெளியிலேயே நின்றான்.

18ஆம் நூற்றாண்டில் இக்கோட்பாடு கல்விக்கூடப் பாடமாயிற்று. அரசியற் பொருளாதாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் அடம் ஸ்மித், நாவன்மை பற்றி விரிவுரைகள் ஆற்றியவருமாவார். 1963இல் வெளியிடப்பட்ட மாணவர் குறிப்புக்களில், எஞ்சியுள்ள முதல் விரிவுரை 'பேர்ஸ்பிக்கியூயிற்றி' பற்றியதாக இருத்தல் தற்செயலன்று. சந்தையில் பண்டங்கள் தடையின்றிக் கைமாறவேண்டும் என்று கோரிய வர்க்கத்துக்கு, கருத்துக்களும் தடையின்றிக் கைமாறும் உரைநடை தேவைப்பட்டது. ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' வெளிவந்த 1776ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் கம்பெலின் 'நாவன்மைத் தத்துவம்' வெளிவந்தது. 1783இல் எடின்பரோப் பேராசிரியர் ஹியூ பிளேயர் வெளியிட்ட விரிவுரைகள், தெளிவுக்குத் தூய்மை, பொருத்தம், துல்லியம் ஆகிய மூன்றும் வேண்டும் என வகுத்தன. தூய்மை என்பது மொழியின் ஏற்கப்பட்ட வழக்கைப் பின்பற்றுதல். இதனால் பிராந்திய வழக்குகளும் கீழோர் பேச்சும் தெளிவின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டன. வழக்கை ஏற்றுக்கொள்பவர் யார் என்ற வினா அங்கு எழுப்பப்படவில்லை.

அவ்வினாவை வேறொருவர் நடைமுறையில் எழுப்பினார். அதே 1776இல் 'பொது அறிவு' என்னும் துண்டுநூலை வெளியிட்ட தொமஸ் பெயின், பெண்களின் உட்சட்டை தைக்கும் தொழிலாளியாகவும் தீர்வை உத்தியோகத்தராகவும் வாழ்ந்தவர். 1791இலும் 1792இலும் இரு பகுதிகளாக வெளிவந்த அவருடைய 'மனிதனின் உரிமைகள்' சாதாரண மக்களின் மொழியில் அரசியற் கோட்பாட்டை விவாதித்தது. முதற்பகுதி முதலில் மூன்று சிலிங்குக்கு விற்கப்பட்டது. அப்போது அரசு வழக்குத் தொடரவில்லை. நூல் ஆறு பென்சு மலிவுப் பதிப்பாகக் கடைகளிலும் பட்டறைகளிலும் பரவியபோதுதான் அரசு விழித்துக்கொண்டது. 1792 டிசம்பரில் பெயின் நாட்டிலில்லாதபோதே அவர்மீதான இராசநிந்தனை வழக்கு விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 1793இல் ஷெபீல்ட் நகர மக்கள் பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டி அனுப்பிய மனு, அதன் மொழி மரியாதையற்றது என்ற காரணத்தால் ஏற்க மறுக்கப்பட்டது. மனு விளங்கவில்லை என்று எவரும் கூறவில்லை.

20ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் ஓர்வெல் நல்ல உரைநடையைச் சாளரக் கண்ணாடிக்கு ஒப்பிட்டது பலரும் அறிந்தது. அவ்வுவமை ஊடே பார்த்தல் என்னும் பழைய இலத்தீன் கருத்தின் புத்துருவேயாகும். ஆனால் சாளரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சாளரங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சிச் சாளரங்கள் செங்கல்லால் அடைக்கப்பட்டன. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகள் வெளிச்சமும் காற்றுமின்றிக் கிடந்தன. தெளிவைக் கண்ணாடியாகக் காணும் உவமை, கண்ணாடி யாருக்குக் கிடைத்தது என்பதைக் கூறுவதில்லை.

5. நிலத்தை 'கிளியர்' செய்தல்

'கிளியர்' என்னும் சொல் ஆங்கிலத்தில் வினையாகவும் வளர்ந்தது. ஒளியூட்டுதல் என்பதிலிருந்து தடைகளை அகற்றுதல், கடன் தீர்த்தல், காடு வெட்டி நிலத்தைத் துப்புரவாக்குதல் எனப் பொருள் விரிந்தது. கழிவுபோக எஞ்சும் இலாபம் 'கிளியர்' இலாபமாயிற்று; வங்கிகள் தம்மிடையே கணக்குத் தீர்க்கும் நிலையம் 'கிளியரிங்' நிலையமாயிற்று. அறிவுத் துறையில் இச்சொல் பெற்ற ஏற்றத்தையும் நிலத்திலும் நிதியிலும் அது பெற்ற வளர்ச்சியையும் பிரித்து நோக்குதல் கடினம். ஜோன் லொக் தமது மனித அறிவு பற்றிய நூலின் முன்னுரையில், அறிவின் வழியிற் கிடக்கும் குப்பைகளை அகற்றி நிலத்தைச் சற்றே துப்புரவாக்கும் சிற்றாளாகத் தம்மை உருவகிக்கின்றார். ஏறத்தாழ அதே காலத்தில் வெளிவந்த அவருடைய அரசியல் நூல், பண்படுத்தப்படாத அமெரிக்க நிலத்தைச் சொத்துரிமையின் பிறப்பிடமாகக் காட்டுகின்றது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்களின் உரிமை அத்துப்புரவாக்கலில் மறைந்துபோகின்றது.

ஸ்கொத்லாந்தின் மலைநாட்டில் இச்சொல் அதன் கொடூரமான பொருளை அடைந்தது. 'மூலதனம்' முதற்றொகுதியில் மார்க்ஸ், பெருநிலங்களை 'கிளியர்' செய்தல் என்னும் ஆங்கிலத் தொடரைத் தமது ஜேர்மன் வசனத்துள் அப்படியே வைத்து, உண்மையில் இது நிலத்திலிருந்து மனிதரைத் துடைத்தெறிதலே என விளக்குகின்றார். அவர் தரும் கணக்கின்படி, சதர்லாந்துச் சீமாட்டியின் நிலத்திலிருந்து 1814க்கும் 1820க்கும் இடையில் 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 பேர் விரட்டப்பட்டனர். 794,000 ஏக்கர் நிலம் சீமாட்டியின் உடைமையாயிற்று. விரட்டப்பட்டோருக்குக் கடலோரத்தில் 6,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. பின்னர் அவர்கள் வாழ்ந்த இடத்தில் 131,000 செம்மறியாடுகள் மேய்ந்தன.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காட்டு நிலங்கள், தரிசு நிலங்கள், பயிரிடப்படாத நிலங்கள் யாவும் எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்துவந்த கண்டிப் பிரதேசக் குடியானவனிடம் உறுதி ஏது? வழக்காற்றினால் ஊரறிந்த உரிமை, எழுத்தாவணமின்மையாற் சட்டத்தின் கண்ணுக்கு இருண்டதாயிற்று. முடிக்குரியதான நிலம் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டு, காடு அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டமாயிற்று. அங்கு உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஆங்கிலச் சட்டவழக்கில் வில்லங்கமற்ற காணியுரித்தை 'கிளியர் ரைற்றில்' என்பர். அத்தெளிவு எத்தனை பேரின் உரிமையை இருளிற் தள்ளிப் பெறப்பட்டது என்பதை அத்தொடர் உணர்த்துவதில்லை.

6. தோற்றத்தின் தெளிவு

இதுவரை நோக்கியவற்றால் ஒரு முரண்பாடு புலனாகின்றது. உரைநடையில் தெளிவை முதற்பண்பாக உயர்த்திய முதலாளித்துவ சமுதாயமே, தனது அடிப்படை உறவைக் கண்ணுக்குத் தெரியாததாக்கிய சமுதாயமுமாகும். நிலமானிய முறையில் பண்ணையாள் வாரத்திற் சில நாள் தன் நிலத்திலும் சில நாள் பிரபுவின் நிலத்திலும் உழைத்தான். தனக்கான உழைப்பும் பிறனுக்கான கட்டாய உழைப்பும் இடத்தாலும் காலத்தாலும் வேறுபட்டுத் துலக்கமாகத் தெரிந்தன. கூலி முறையில் அவ்வேறுபாடு மறைகின்றது என்பதை மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். ஒரு நாள் வேலைக்கு ஒரு நாட் சம்பளம் என்பதைவிடத் தெளிவான வாக்கியம் உண்டோ? ஆயினும் ஊதியம் பெறாத உழைப்பினை மறைப்பது அத்தெளிவேயாகும். பொருள்களின் வெளித்தோற்றமும் உள்ளியல்பும் ஒன்றாகவே இருப்பின் விஞ்ஞானத்துக்கே தேவையிராது என்னும் கருத்து 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் இடம்பெறுகின்றது. எனவே, உடனே விளங்குவது யாவும் உண்மை என்று கொள்ளல் டேக்கார்ட்டின் அளவுகோலைச் சந்தையிடம் ஒப்படைப்பதாகும்.

இதிலிருந்து, விளங்காத எழுத்தே ஆழமானது என்ற முடிவுக்கு வருதல் பெருந்தவறு. கடினமான கலைச்சொற்களை அடுக்கித் தம்மைச் சிறுகுழுவின் 'கிளாறிசிமுஸ்' ஆக்கிக்கொள்ளும் போக்கு முற்போக்காளரிடையேயும் காணப்படுவதே. 1872இல் 'மூலதனம்' பிரெஞ்சு மொழியிற் பகுதி பகுதியாக வெளியிடப்படவிருந்தபோது, அவ்வடிவில் நூல் தொழிலாளரை எளிதாகச் சென்றடையும் என்பதால் மார்க்ஸ் அதனை வரவேற்றார். அதே கடிதத்தில், தொடக்க அத்தியாயங்களின் கடினத்தையிட்டு அவர் கவலையும் தெரிவித்தார். விஞ்ஞானத்துக்கு இராசபாட்டை கிடையாது என எச்சரித்தார். விலையையும் வடிவத்தையும் வாசகனுக்கு அண்மையாக்கலாம், ஆக்கவும் வேண்டும். உண்மையின் செங்குத்தான ஏற்றத்தைச் சமதரையாகக் காட்டலாகாது. தெளிவு பற்றிய மார்க்சிய நிலைப்பாட்டை இவ்விரு பகுதிகளையும் சேர்த்தே வரையறுத்தல் வேண்டும்.

7. தெளிதலும் தெளிவித்தலும்

இறுதியாக, மேற்கூறிய ஆங்கிலச் சொற்களை நாம் மொழிபெயர்க்கப் பயன்படுத்தும் தமிழ்ச் சொல்லையும் நோக்குதல் தகும். 'தெளிவு' என்பது கலங்கிய நீர் அடங்கித் துலங்குதலை உணர்த்தும் வினையடியிற் பிறந்தது. இங்கே தெளிவு பொருளோடு உடன்பிறந்ததன்று. காலத்தாலும் செயலாலும் அடையப்படுவது. கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறத்தில் தேய்த்து வைப்பது நம்மவர் அறிந்த வழக்கம். நீரில் மண் இல்லையெனப் பாசாங்கு செய்யாமல், அதனை அடியிற் படியச் செய்வதே அம்முறை. கற்பனைகளை ஒதுக்கி நோக்கினும், கண்ணாடி உவமையைவிட இவ்வுவமை அறிவாக்கத்தின் இயல்புக்கு நெருங்கியது எனத் தோன்றுகின்றது.

நமது மரபும் வர்க்கச் சார்பற்றதன்று. நன்னூலார் நூலின் அழகு பத்தனுள் 'விளங்க வைத்தல்' என்பதையும் வைத்தார். தண்டியலங்காரம் 'தெளிவு' என்பதை வைதருப்ப நெறியின் குணங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஆனால் அவர்கள் கருதிய மாணாக்கரும் கேட்போரும் கல்விக்கு உரியரென ஏற்கப்பட்ட சிலரே. எல்லாருக்கும் விளங்கவைத்தல் என்பது கட்டாயக் கல்வியும் அச்சும் வாக்குரிமையும் தோன்றிய பின்னரே எழக்கூடிய கோரிக்கையாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கலைப் பாடங்கள் 1960 முதல் தாய்மொழிகளிற் போதிக்கப்படலாயின. ஆங்கிலம் அறிந்த சிறு பகுதியினரின் பிள்ளைகளோடு, கிராமப்புற விவசாயிகளின் பிள்ளைகளும் தொழிலாளரின் பிள்ளைகளும் உயர்கல்வியின் வாயிலுக்குள் வரத் தொடங்கினர். அவர்களுக்காக எழுதப்படும் தமிழ் அவர்களுக்கு விளங்குகின்றதா என்பது நடையியல் வினா மட்டுமன்று. ஆங்கில வசனத்தின் அமைப்பைப் பெயர்த்துவைத்த பாடநூல், தாய்மொழிக் கல்வி என்ற பெயரிலே 1362ஆம் ஆண்டுச் சட்டத்தின் முரண்பாட்டையே மீண்டும் நிகழ்த்துகின்றது. மறுபுறத்தில், மாணவனுக்கு விளங்காது என்று காரணங்காட்டிக் கடினமான உண்மைகளைப் பாடத்திலிருந்து நீக்குவோர் இராஸ்மசின் வாதத்தையே திரும்பக் கூறுகின்றனர்.

'கிளாரிற்றி' என்னும் சொல்லின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவாகும்: தெளிவு என்பது எழுத்தினுள் உறையும் ஒரு குணம் மட்டுமன்று, எழுதுவோருக்கும் வாசிப்போருக்கும் எழுதப்படும் உலகுக்குமிடையே நிலவும் ஒரு சமூக உறவு. ஆதலின் ஒரு நூலைத் தெளிவானது என்றோ தெளிவற்றது என்றோ தீர்ப்புக் கூறுமுன், அது யாரை முன்னிறுத்தி எழுதப்பட்டது, எதனைக் காணச் செய்கின்றது, எதனைக் காணாமற் செய்கின்றது என்பவற்றை விமர்சகர் வினவுதல் வேண்டும். எழுதுவோரைப் பொறுத்தவரை, தெளிவிக்கும் உழைப்பின் பெரும்பங்கைத் தாமே ஏற்றல் கடமையாகும். வாசிக்கும் வாய்ப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த மக்களிடம் அவ்வுழைப்பையும் சுமத்துதல் நியாயமாகாது.